பாங்காக்கில் இறங்கியதும் எதில் ஏறுவது: மினிவேனா, பஸ்ஸா, ரயிலா, வாடகைக் காரா?

பாரிமுனை பர்மா பஜார் வியாபாரிகளுக்குப் பாங்காக் புது ஊர் இல்லை. பிரதுனாம் மொத்தக் கடைகளும் சாம்பெங் சந்தும் அவர்களுக்கு மின்ட் தெரு மாதிரி பழக்கம். 2023 நவம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் வரலாம் என்று தாய்லாந்து அறிவித்தது. அதற்குப் பிறகு ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடிப் பக்கமிருந்து குடும்பமாகவும் நண்பர் கூட்டமாகவும் கிளம்புவது சாதாரணமாகிவிட்டது. விமான டிக்கெட்டை வாரக்கணக்கில் விலை பார்த்து எடுக்கிறார்கள். ஹோட்டலுக்கு நூறு விமர்சனம் படிக்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து பட்டாயாவுக்கு எதில் போவது என்பதை மட்டும், இறங்கிய பிறகு யார் முதலில் கூப்பிடுகிறாரோ அவரிடம் விட்டுவிடுகிறார்கள். மொத்தப் பயணத்திலும் உயிரோடு சம்பந்தப்பட்ட முடிவு அதுதான்.

எந்த வண்டி நல்லது என்று பார்க்கும் முன் ஒரு கேள்வி: அந்த டிரைவருக்குக் காசு எந்தக் கணக்கில் வருகிறது?

வட சென்னைக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டோல்கேட்டில் நிற்கிற ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பும்வரை நகராது, நிரம்பிவிட்டால் நிற்காது. டிரைவரின் குணம் கெட்டதால் அப்படி ஓட்டுவதில்லை. வண்டி வாடகை, டீசல் போக மிச்சம் பார்க்க வேண்டுமானால் நாளைக்கு இத்தனை ட்ரிப் அடித்தே தீர வேண்டும். ஆளுக்காகக் காத்து நின்ற நேரத்தை ரோட்டில் மீட்கிறார். தேரடியிலிருந்து கல்மண்டபம்வரை நெரிசல் இருப்பதால் அந்த அவசரம் முப்பது, நாற்பது கிலோமீட்டர் வேகத்தோடு அடங்கிவிடுகிறது. அதே கணக்கை ஆறு வழி நெடுஞ்சாலையில், 13 பேர் ஏறிய வேனில் வைத்தால் வேகமானி 120-ஐத் தொடும்.

தாய்லாந்தில் ஊர்விட்டு ஊர் ஓடும் பயணிகள் வேன்கள் பெரும்பாலும் இந்த ட்ரிப் கணக்கில்தான் ஓடுகின்றன. டொயோட்டா கம்யூட்டர் வகைதான் அதிகம். 2017 ஜனவரி 2 அன்று சந்தபுரியிலிருந்து பாங்காக் வந்துகொண்டிருந்த ஒரு வேன், சோன்புரி மாகாணத்தில் சாலையின் நடுத்திட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் வந்த பிக்கப் வண்டியில் மோதித் தீப்பிடித்தது. 25 பேர் இறந்தார்கள். புத்தாண்டு விடுமுறைக் கூட்டத்துக்காக அந்த டிரைவர் சரியான தூக்கமில்லாமல் ட்ரிப் மேல் ட்ரிப் ஓட்டியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது. அதன்பின் வேன் இருக்கைகளை அரசு 13 ஆகக் குறைத்தது. கடைசி வரிசையில் வழி விட்டு, பின்கதவு வழியாக வெளியேற ஏற்பாடு இருக்க வேண்டும் என்றது. ஜிபிஎஸ் கருவியும் கட்டாயமானது. தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது, அரை மணி ஓய்வுக்குப் பிறகு இன்னொரு 4 மணி நேரம்தான் என்ற விதி முன்பிருந்தே உண்டு. இத்தனை விதிகள் வந்தும் ட்ரிப் கணக்கு மாறவில்லை. ஆபத்து மிச்சமிருப்பது அதனால்தான்.

வேனின் உடம்பு

ஓட்டுகிறவர் எவ்வளவு நிதானமானவரானாலும் இந்த வண்டிக்கென்று சில பலவீனங்கள் உண்டு. பழைய மாடல்களில் மூக்கே கிடையாது. இன்ஜின் முன் இருக்கைக்கு அடியில் இருக்கும். மோதினால் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள முன்னால் இடமில்லை. கூரை உயரமாக்கப்பட்ட வண்டி என்பதால் எடை மேலே நிற்கிறது. 13 பேர், ஆளுக்கு 65 கிலோ என்றால் 845 கிலோ. தலைக்கு 15 கிலோ பெட்டி என்றால் இன்னும் 195. ஆக ஒரு டன்னுக்கு மேல், அதில் பெரும்பங்கு பின்னச்சில் இறங்குகிறது. திடீரென்று ஸ்டியரிங்கை ஒடித்தால் பின்பக்கம் வீசும், வண்டி சாயும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 15 இருக்கை வேன்களை ஆராய்ந்து 2001-இல் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 10 பேரோ அதற்கு மேலோ ஏறிய வேன், குறைந்த ஆட்களுடன் போகும் வேனைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகக் கவிழ்கிறது என்றது அது. மாடல் வேறாக இருக்கலாம், எடை வேலை செய்யும் விதம் ஒன்றுதான்.

கதவு இன்னொரு விஷயம். தாய்லாந்திலும் நம்மைப் போல இடப்பக்கப் போக்குவரத்து, எனவே பயணிகள் ஏறும் சறுக்குக்கதவு இடப்பக்கம். வேன் இடப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தால் அந்தக் கதவு தரையோடு போய்விடும். மிச்சம் பின்கதவும் ஜன்னல் கண்ணாடியும்தான். பின்கதவுக்கு முன்னால் பெட்டிகளை அடுக்கியிருந்தால் அதுவும் இல்லை.

வேகம் எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பாங்காக்கிலிருந்து பட்டாயா சுமார் 150 கிலோமீட்டர். அதில் தடையில்லாமல் ஓடக்கூடிய நெடுஞ்சாலை 100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 90-இல் போனால் 67 நிமிடம், 120-இல் போனால் 50. லாபம் 17 நிமிடம். விலை என்ன? 90-இல் வண்டி ஒரு நொடிக்கு 25 மீட்டர் ஓடும், 120-இல் 33 மீட்டர். பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், 120-இல் அது 90-இல் உள்ளதைப்போல் 1.8 மடங்கு. ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மழையில், தேய்ந்த டயரோடு, முன்வண்டியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஓட்டுகிறவருக்கு அந்தத் தூரம் கிடைக்காது.

பஸ்

தனி ஆளாகவோ இரண்டு பேராகவோ பட்டாயா போகிறவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு பெரிய பஸ். எக்கமாய் கிழக்குப் பேருந்து நிலையத்திலிருந்து பஸ் கிடைக்கிறது; அதே பெயருள்ள வான்ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சுவர்ணபூமி விமான நிலையத்தின் தரைத்தளத்திலிருந்தும் ஜோம்தியன், பட்டாயாவுக்கு நேரடி பஸ் உண்டு. கட்டணம் நூற்றுச் சொச்சம் பாட், வேனுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. நேரமும் இரண்டு, இரண்டரை மணிதான். பஸ்ஸின் பலம் பருமனில் மட்டும் இல்லை. அது கால அட்டவணைப்படி கிளம்புகிறது. பாதி இருக்கை காலியாக இருந்தாலும் நேரமானால் எடுத்தாக வேண்டும். சீக்கிரம் போய்ச் சேர்ந்தாலும் டிரைவர் கைக்குக் கூடுதலாக ஒன்றும் வரப்போவதில்லை. பெட்டிகள் அடித்தட்டில் போகின்றன, உள்ளே வழி அடைபடுவதில்லை.

பஸ் என்றாலே பயமில்லை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2024 அக்டோபர் 1 அன்று பாங்காக் அருகே பள்ளிச் சுற்றுலா பஸ் ஒன்று எரிந்து 23 பேர் மாண்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். அனுமதித்ததைவிட அதிகமான கேஸ் சிலிண்டர்கள் அதில் இருந்தன. ஆகவே எந்த பஸ்ஸில் உட்கார்ந்தாலும் அவசரக் கதவு எங்கே, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் மாட்டிய இடத்தில் இருக்கிறதா என்று முதல் நிமிடத்திலேயே பாருங்கள். மலைப்பாதையில் இரட்டை மாடி பஸ் வேண்டாம். வேனுக்குச் சொன்ன சாய்மான ஆபத்து அதற்கும் பொருந்தும்.

ஒரு பழைய தகவலைத் திருத்த வேண்டும். பாங்காக்கின் விக்டரி மானுமென்ட் வட்டத்திலிருந்து எல்லா ஊருக்கும் வேன் கிடைக்கும் என்று இன்னும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 2016 அக்டோபரிலேயே அந்த வேன்களை மோ சிட், எக்கமாய், தெற்கு ஆகிய மூன்று பேருந்து நிலையங்களுக்கும் மாற்றிவிட்டார்கள். இன்றைக்கு நடுரோட்டில் நின்று ஆள் பிடிக்கிற வேன், முறையான வரிசையில் நிற்க முடியாத வேனாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எண் பலகையைப் பாருங்கள்: மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் பயணிகளை ஏற்ற உரிமம் பெற்ற வண்டி. வெள்ளைப் பலகையில் நீல எழுத்து என்றால் சொந்த உபயோக வேன். காசு வாங்கி ஆள் ஏற்ற அதற்கு உரிமையில்லை.

ரயில்

பட்டாயாவுக்கு ரயில் நம்பாதீர்கள். ஒரு நாளைக்கு ஒன்றுதான், அதுவும் மெதுவாகப் போவது. பழைய தலைநகரான அயுத்தயா என்றால் யோசிக்கவே வேண்டாம், ரயில்தான். சாதாரண வண்டியில் நம்மூர் பீச் ஸ்டேஷனிலிருந்து கும்மிடிப்பூண்டி போகிற மாதிரிக் கட்டணம், ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். தொலைதூர ரயில்கள் பெரும்பாலும் 2023 ஜனவரியில் பாங்காக்கின் பழைய ஹுவாலம்போங் நிலையத்திலிருந்து குருங்தேப் அபிவாட் என்ற புதிய நிலையத்துக்குப் போய்விட்டன. டிக்கெட்டில் எந்த நிலையம் போட்டிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

காஞ்சனாபுரியைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில்பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பெருந்தொகையாக மடிந்த மண் அது. பர்மாவிலிருந்து வந்து வியாசர்பாடியில் குடியேறிய குடும்பங்களில் அந்தப் பாதையைப் பார்த்துவர ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அந்தத் தண்டவாளத்தின் ஒரு பகுதியில் இன்றும் பயணிகள் ரயில் ஓடுகிறது. பாங்காக்கில் சாவ் பிரயா ஆற்றின் மேற்குக்கரையில் இருக்கும் தோன்புரி நிலையத்திலிருந்து காலை எட்டு மணிக்குச் சற்று முன்பும், மதியம் இரண்டு மணிக்குச் சற்று முன்பும் வண்டி. வெளிநாட்டவருக்கு 100 பாட். மூன்றாம் வகுப்பு, மின்விசிறி, திறந்த ஜன்னல். வேனில் இரண்டு மணி நேரம், ரயிலில் இரண்டரை முதல் மூன்று. க்வாய் ஆற்றுப் பாலத்தை அந்த ரயிலிலேயே கடக்கலாம். இதை விட்டுவிட்டு கண்ணாடி திறக்காத வேனில் போவதற்கு ஒரு காரணமும் இல்லை.

பத்துப் பேர் கூட்டம் என்றால்

வட சென்னையிலிருந்து போகிற நண்பர் குழுக்களில் இதுதான் அதிகம்: முழு வேனையும் டிரைவரோடு வாடகைக்குப் பேசுவது. தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு இங்கே இல்லாததால் டிரைவருக்கு அவசரமில்லை. அவசரம் நம்மிடமிருந்து வருகிறது. சென்னையிலிருந்து நள்ளிரவு விமானத்தில் கிளம்பி விடியற்காலையில் இறங்குகிறார்கள். குளித்துவிட்டு நேராகச் சுற்றிப்பார்க்கப் போய், மாலையில் பட்டாயா, இரவு ஷோ, பிறகு ஹோட்டல். உங்களை விமான நிலையத்தில் ஏற்றிக்கொள்ள டிரைவர் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்திருப்பார். நீங்கள் வேனில் தூங்கலாம், அவர் தூங்க முடியாது. இரவு ஒன்பது மணிக்கு அவர் கண் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வேன் பேசும்போதே நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை நேரம் ஒரு நாளைக்குப் பத்து மணிக்கு மேல் போகக்கூடாது, அதில் ஸ்டியரிங் பிடிக்கும் நேரம் எட்டைத் தாண்டக்கூடாது. இரவு தங்கினால் டிரைவருக்குப் படுக்கை உண்டா, அந்தச் செலவு யாருடையது என்பது தெளிவாக வேண்டும். பேசாமல் விட்டால் அவர் வேனுக்குள்ளேயே படுப்பார். எல்லா இருக்கையிலும் வேலை செய்யும் பெல்ட் இருக்க வேண்டும். 13 இருக்கை வேனில் 9 பேருக்கு மேல் ஏறாதீர்கள், மிச்ச இடம் பெட்டிக்கு.

பிரதுனாமில் சரக்கு எடுத்தவர்கள் மூட்டைகளை வேனின் கடைசி வரிசையில் திணித்துக்கொண்டு கிளம்புவது வேறொரு தவறு. சரக்கு கார்கோவில் தனியாகப் போகட்டும். கட்டாத 60 கிலோ மூட்டை, பிரேக் அடித்தால் முன்வரிசையில் இருப்பவரின் முதுகில் வந்து விழும்.

மூன்று, நான்கு பேர், அதிலும் சின்னக் குழந்தை இருக்கிற குடும்பம் என்றால் வேனே வேண்டாம், காருக்குப் போங்கள். பாங்காக்கிலிருந்து பட்டாயாவுக்குச் சுமார் 1,200 முதல் 1,500 பாட் ஆகும், டோல் தனி. நான்கு பேர் பங்கிட்டால் தலைக்கு நானூறுக்குள் முடியும். பஸ்ஸைவிட இரண்டு மடங்குக்கு மேல்தான். அந்தக் காசுக்கு நசுங்கி அதிர்ச்சி வாங்கும் முன்பகுதியும், காற்றுப்பையும், தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்டும் கிடைக்கின்றன. குழந்தையை மடியில் வைத்து ஒரே பெல்ட்டைப் போடக்கூடாது. மோதலில் பெரியவரின் எடை முழுவதும் குழந்தையை பெல்ட்டோடு நசுக்கும். எட்டுப் பேர் என்றால் ஒரு வேனைவிட இரண்டு கார் பாதுகாப்பு.

வேனைத் தவிர வழியில்லை என்றால்

சில ஊர்களுக்கு வேன் மட்டும்தான் உண்டு. அப்போது பகலில் போங்கள், நிலையத்துக்குள்ளிருந்து கிளம்பும் வேனில் ஏறுங்கள். ஏறுமுன் சுற்றி வந்து டயரைப் பாருங்கள். பள்ளத்துக்குள் குறுக்காக இருக்கும் தேய்மானக் கோட்டோடு ரப்பர் சமமாகிவிட்டால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது.

உட்கார இரண்டாவது வரிசை, கதவுப் பக்கம். டிரைவர் பக்கத்து இருக்கையும் கடைசி வரிசையும் நேர் மோதலுக்கும் பின்மோதலுக்கும் முதல் பலி. கதவோரம் மடக்கி விரிக்கும் சின்ன இருக்கையில் உட்காராதீர்கள். இடுப்பு பெல்ட்டை வயிற்றில் கட்டாமல் இடுப்பெலும்பின் மேல் இறுக்கிப் போடுங்கள். ஆபத்தில் ஜன்னலை உடைக்க வேண்டியிருந்தால் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடியுங்கள், நடுவில் அடித்தால் எளிதில் உடையாது. முன்கண்ணாடி நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது, சிதறி வழிவிடாது. அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

டிரைவரின் கண்ணாடியில் அவர் கண்ணைப் பாருங்கள். அடிக்கடி கன்னத்தைத் தட்டிக்கொள்வது, ஜன்னலை இறக்கி முகத்தில் காற்று வாங்குவது, கோட்டை மிதித்துவிட்டுத் திடுக்கிட்டு உள்ளே வருவது எல்லாம் தூக்கத்தின் அடையாளம். பக்கத்தில் காலியான பழுப்பு பாட்டில்கள் இரண்டு, மூன்று கிடந்தால், அவை ஊக்க பானம். எத்தனையாவது ட்ரிப் என்பதை அவையே சொல்லும்.

பிறகு வாயைத் திறந்து சொல்லுங்கள். நம்மூர் ஷேர் ஆட்டோவில் "இன்னாபா அவசரம், மெல்ல போ" என்று ஒரு அம்மா குரல் கொடுத்தால் வேகம் குறைவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வெளிநாட்டில் மொழி தெரியாத கூச்சத்தில் அதே ஆட்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருக்கிறார்கள். கென்யாவில் மட்டாட்டு என்ற 14 இருக்கை வேன்களுக்குள், வேகமாக ஓட்டினால் தட்டிக்கேளுங்கள் என்று பயணிகளைத் தூண்டும் ஸ்டிக்கர்களை ஆராய்ச்சியாளர்கள் ஒட்டிப் பார்த்தார்கள். ஒட்டிய வண்டிகளில் காப்பீட்டுக் கோரிக்கைகள் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குவரை குறைந்தன. 2011-இல் வெளியான ஆய்வு அது.

தாய் மொழியில் "சா சா நோய் க்ரப்" என்றால் கொஞ்சம் மெதுவாக. பெண்கள் கடைசியில் "க்ரப்" என்பதற்குப் பதில் "கா" என்று சொல்ல வேண்டும். கத்தாமல், சிரித்த முகத்தோடு சொன்னால் அங்கே எடுபடும். கேட்கவில்லை என்றால் அடுத்த பெட்ரோல் பங்க்கில் இறங்கிவிடுங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் இறங்காதீர்கள், அது வேனைவிட ஆபத்து. எண் பலகையையும் நேரத்தையும் குறித்து 1584-க்குப் புகார் சொல்லலாம்; பொது வாகனங்களுக்கான அரசு எண் அது. சுற்றுலா போலீஸ் 1155, ஆம்புலன்ஸ் 1669.

ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்கப் பிள்ளைகளை அனுப்பியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அங்கே மர்ஷ்ருட்கா என்ற வேன்கள் இதே ஆள் நிரம்பும் கணக்கில் திபிலிசியின் திதுபே நிலையத்திலிருந்து ஓடுகின்றன. கருங்கடல் ஓரத்து பாதுமிக்கு ஐந்து மணி நேர ரயில் இருக்கிறது, அதில் போகச் சொல்லுங்கள். மலையூரான கஸ்பெகிக்கு ரயில் இல்லை. சுமார் 2,400 மீட்டர் உயரக் கணவாயைக் கடக்கும் அந்த மலைச்சாலையில், எண்ணூர் விரைவுச் சாலை மாதிரி, ரஷ்ய எல்லைக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும். வளைவில் அவற்றை முந்துவதுதான் அங்கே உயிர் குடிக்கிறது. நான்கு மாணவர்கள் சேர்ந்து பகலில் கார் எடுத்துக்கொள்ளட்டும், குளிர்காலத்தில் பனி டயர் இருக்கிறதா என்று கேட்கட்டும். "நேலா" என்றால் அங்கே மெதுவாக.

தேதியிலும் கவனம் தேவை. நம் சித்திரைப் பிறப்பும் தாய்லாந்தின் புத்தாண்டான சொங்க்ரானும் ஒரே வாரம். பிள்ளைகளுக்கு விடுமுறை, டிக்கெட் மலிவு என்று ஏப்ரல் 11 முதல் 17 வரை போகிறவர்கள் தாய்லாந்துச் சாலைகளின் மிக மோசமான ஏழு நாட்களில் பயணம் செய்கிறார்கள். அந்த வாரம் பாங்காக்குக்குள்ளேயே ரயிலில் சுற்றுங்கள், வெளியூரை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, திரும்பும் நாள். வேகமாகப் போங்கள் என்று பயணியே டிரைவரைத் துரத்துவது பெரும்பாலும் அன்றைக்குத்தான். இரவு பத்து மணி விமானம் என்றால் பட்டாயாவிலிருந்து மாலை நான்கு மணி பஸ்ஸுக்குள் ஏறிவிட வேண்டும். பாங்காக்கில் இரண்டு விமான நிலையங்கள்; டிக்கெட்டில் சுவர்ணபூமியா, டான் முவாங்கா என்று முதல் நாளே பாருங்கள். டான் முவாங் என்றால் பாங்காக் நகரத்தையே குறுக்காகக் கடக்க வேண்டும், இன்னும் இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள்.